மின்பாய்ச்சல்: காக்க வந்த கருவியே எரிந்த கதை

நல்லூர்த் திருவிழாவுக்கென ஸ்காபரோவிலிருந்து ஊருக்குச் சென்று திரும்பிய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தாயாரைப் பார்க்கச் சென்ற பயணம். பெட்டியிலே பிள்ளைகளின் மடிக்கணினி, தொலைபேசிகள், அவற்றுக்கான சாஜர்கள். இவை யாவற்றையும் ஓரிடத்திலே செருகுவதற்காக இங்கிருந்தே ஒரு பவர் பாரும் கொண்டுபோயிருந்தார்கள். சாதாரணமானதல்ல, ‘சேர்ஜ் புரொடெக்டர்’ என்று பெட்டியின் மேல் எழுதப்பட்ட, விலை சற்றுக் கூடியது. ஊரிலே மின்சாரம் ஏறி இறங்கும், கணினிக்கு ஒரு காவல் இருக்கட்டும் என்று மகன் பார்த்துப் பார்த்து வாங்கியது.

போய் இறங்கிய அன்று மாலை, கூடத்துச் சுவரிலிருந்த பிளக்கில் அடப்ரர் ஒன்றின் உதவியோடு அதனைச் செருகிச் சுவிச்சைப் போட்டார். சீனவெடி வெடித்தாற்போல ஒரு சத்தம். பவர் பாரின் ஒரு முனை உருகிக் கரும்புகை கிளம்பியது. கீழே விரித்திருந்த பாயின் ஓரம் கருகியது. வீட்டின் றிப் சுவிச் விழுந்து எங்கும் இருள். “தம்பி, என்னடா மணக்குது?” என்று அடுக்களையிலிருந்து தாயார் கேட்ட குரல்தான் முதலில் எழுந்ததாம். நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. மடிக்கணினிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் சாஜருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எரிந்தது காக்க வந்த கருவி மட்டுமே.

ரொறன்ரோவுக்குத் திரும்பியபின் அந்த மனிதர் எரிந்த பவர் பாரை ஒரு பையில் போட்டு எம்மிடம் கொண்டுவந்தார். “அண்ணை, சாஜரிலை 100 தொடக்கம் 240 வரை எண்டு போட்டிருக்கு. பிறகேன் வெடிச்சது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதே கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடிய குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ உண்டு. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியல் கற்பித்த பழக்கதோஷம் எம்மை இன்னும் விட்டபாடில்லை. ஆகவே அந்தப் பவர் பாரை மேசைமேல் வைத்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பார்த்தோம்.

உள்ளே மூன்று வில்லைகள். பத்துச் சத நாணயத்திலும் சற்றுச் சிறியவை. அவற்றுள் இரண்டு வெடித்துக் கரியாகியிருந்தன. மூன்றாவது வில்லை நீல நிறம் மாறாமல் இருந்தது. அதன்மேல் 14 டி 201 கே என்ற எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. கேள்விக்கான விடை அந்த 201 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அதனை விளக்குமுன், இந்த வில்லை செய்யும் வேலை இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

வான் பாயும் குளம்

வன்னிக் குளங்களில் வான் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளக்கட்டின் உயரத்திலும் சற்றுத் தாழ்வாக ஒரு பக்கத்தில் வான் கட்டப்பட்டிருக்கும். நீர்மட்டம் அதற்குக் கீழே உள்ளவரை ஒரு துளி நீரும் அவ்வழியே போகாது. பெருமழையில் மட்டம் ஏறியதும் மிகைநீர் வான் வழியே பாய்ந்தோடும். கட்டு உடையாது தப்பும். வான் மழையைத் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த வெள்ளத்துக்குப் பக்கத்தாலே ஒரு வழி விடுகிறது, அவ்வளவே.

வரிஸ்ரர் எனப்படும் இந்த வில்லை, மின்சுற்றின் வான். நாக ஒட்சைட்டு மணிகளைச் சிறிதளவு பிசுமது முதலியவற்றின் ஒட்சைட்டுகளோடு சேர்த்துச் சூளையிலே சுட்டு எடுக்கப்படும் ஒருவகை மட்பாண்டம் அது. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ற்று வரை மின்னோட்டத்தை மறித்து நிற்கும். அதனைத் தாண்டினால் சட்டென வழிவிடும். வில்லையின் தடிப்பினுள்ளே அறுபது எழுபது எல்லைகள் அடுக்கடுக்காக அமைந்தால், 200 வோல்ற்று வரை மறித்து அதற்குமேல் வழிவிடும் வான் ஒன்று எமக்குக் கிடைக்கிறது. ஜப்பானின் மட்சுஷித்தா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோக்கா என்பவர் 1960களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கினார். அவரது ஆய்வுக் கட்டுரை 1971 இல் வெளியாயிற்று. இன்று உலகெங்கும் சந்தையிலுள்ள பாதுகாப்புப் பவர் பார்களில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி இந்த வில்லைதான்.

இது எந்த வெள்ளத்துக்காகக் கட்டப்பட்டது? மின்பாய்ச்சல் என்பது மிகக் குறுகிய நேரத்தில் வந்து மறையும் மிகையழுத்தம். மின்கம்பிகளுக்கு அருகே மின்னல் விழும்போதும், மின்விநியோகப் பகுதியில் பாரிய சுவிச்சுகள் திறந்து மூடப்படும்போதும் அது தோன்றுகிறது. வீட்டுக்குள்ளேயும் தோன்றும். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் நிற்கும்போது அதன் சுருளில் தேங்கிய சக்தி எங்காவது வெளியேறப் பார்க்கும். ஜெனரல் எலக்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா மார்ட்ஸ்லொஃப் 1960களில் வீடுகளிலே பதிவுக்கருவிகளை வைத்து இவற்றை அளந்தவர். 120 வோல்ற்று வழங்கப்படும் வீடுகளில் ஆயிரம் வோல்ற்றைத் தாண்டிய பாய்ச்சல்களை அக்கருவிகள் பதிவு செய்தன. அக்காலத்து மின்மணிக்கூடுகளின் மோட்டர்கள் காரணம் தெரியாமல் பழுதாகிக்கொண்டிருந்தன. அவற்றின் தாங்குதிறனை 2,000 வோல்ற்றிலிருந்து 6,000 வோல்ற்றுக்கு உயர்த்தியபோது பழுதடைவது நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த 6,000 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அளவை எட்டும்போது சுவரிலுள்ள பிளக்கின் உள்ளேயே பொறி பறந்துவிடும். அதற்குமேல் வீட்டினுள் நுழைவது கடினம்.

ஆகவேதான் இன்றும் பாதுகாப்புக் கருவிகளை 6,000 வோல்ற்று, 3,000 அம்பியர் பாய்ச்சலால் தாக்கிச் சோதிக்கிறார்கள். கேட்கப் பயங்கரமாக இருப்பினும் அதன் ஆயுள் மிகச் சிறிது. அழுத்தம் 1.2 மைக்குரோசெக்கனில் உச்சத்தை எட்டி, 50 மைக்குரோசெக்கனில் பாதியாகிவிடும். ஒரு மைக்குரோசெக்கன் என்பது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கண் ஒருமுறை இமைப்பதற்குள் இத்தகைய பாய்ச்சல்கள் ஆயிரக்கணக்கில் வந்து போகலாம். அந்த நேரத்துள் வில்லையில் வெப்பமாக மாறும் சக்தி சில பத்து யூல்கள் மாத்திரமே. நாணயமளவு வில்லை அதனைத் தாங்கிக்கொள்ளும். எனினும் ஒவ்வோர் அடியும் அதனைச் சிறிது தேய்த்துவிட்டே போகிறது.

இப்போது அந்த 201 க்கு வருவோம். 20 க்குப் பின் ஒரு பூச்சியம்: 200 வோல்ற்று. கனடாவின் 120 வோல்ற்று மின்சாரம் அலையாக ஏறி இறங்கும்போது அதன் உச்சம் 170 வோல்ற்று. வானின் மட்டத்துக்குக் கீழே. இலங்கையின் 230 வோல்ற்று மின்சாரத்தின் உச்சமோ 325 வோல்ற்று. சுவிச்சைப் போட்ட கணத்திலிருந்து ஒவ்வோர் அலையிலும் குளம் வானுக்கு மேலே நின்றது. செக்கனுக்கு நூறு தடவை வான் பாய்ந்தது. வில்லையினூடே 10 அம்பியர் ஓடியதென்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 3,000 வாற்று வெப்பம். இரண்டு மின்கேத்தல்களின் வெப்பம் ஒரு நாணயத்துக்குள்ளே! உயிர்க்கம்பியோடு தொடுக்கப்பட்ட இரு வில்லைகளும் அதனால்தான் வெடித்தன. நொதுமல் கம்பிக்கும் புவித்தொடுப்புக்கும் இடையே இருந்த மூன்றாவது வில்லைக்கு அந்த அழுத்தம் போய்ச் சேரவில்லை. எனவே அது நீலமாகவே இருந்தது.

சாஜரில் எழுதப்பட்டிருந்தது சாஜருக்கு மட்டுமே உரிய வாக்குறுதி. பவர் பாரின் அடியிலும் 125 வோல்ற்று என்று எழுதப்பட்டுத்தான் இருந்தது, எறும்பளவு எழுத்தில். அதனை யார் பார்க்கிறார்கள்? 230 வோல்ற்று நாடுகளுக்கென விற்கப்படும் பலகைகளில் 431 அல்லது 471 போன்ற எண்கொண்ட வில்லைகள் இருக்கும். ஊருக்குப் போவோர் சாஜர்களைக் கொண்டு போகலாம். வட அமெரிக்கப் பவர் பாரை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும். பலகை ஊரிலே வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள்.

நொதுமல் கம்பி அறும்போது

ஊருக்குப் போகாதவர்கள் இந்த ஆபத்து தமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. 120 வோல்ற்றுப் பவர் பாருக்கு 200 வோல்ற்றுக்கு மேல் கிடைக்கும் சந்தர்ப்பம் கனடாவிலுள்ள வீட்டிலேயே உண்டு.

இங்கு ஒரு வீட்டுக்கு வருவது உண்மையில் 240 வோல்ற்று. அதன் நடுப்புள்ளியிலிருந்து வரும் நொதுமல் கம்பி, அதாவது நியூற்றல், அதனை இரண்டு 120 களாகப் பிரித்து நிறுத்துகிறது. வீட்டு மின்சுற்றுகளிற் பாதி ஒரு பக்கம், மறுபாதி மறுபக்கம். வெளியே கம்பத்திலிருந்து வரும் அந்த நொதுமல் கம்பி மரக்கிளை உரசியோ, துருப்பிடித்த இணைப்பு தளர்ந்தோ அறுந்துபோனால், இருபக்கத்துப் பொருட்களும் 240 வோல்ற்றுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தாற்போல ஆகிவிடும். கேத்தலும் கணப்பும் ஓடும் பக்கத்தில் அழுத்தம் சரியும். ஒரு கணினியும் இரண்டு பல்புகளும் மட்டும் உள்ள பக்கத்தில் அது 200 ஐயும் தாண்டி ஏறும். ஐரோப்பாவில் வாழும் வாசகர்களின் கட்டடங்களில் மும்முனை மின்சாரத்தின் நொதுமல் அறுந்தாலும் இதே கதிதான். அங்கே 230 வோல்ற்றுப் பொருளுக்கு 400 வரை கிடைக்கக்கூடும்.

மைக்குரோசெக்கன் பாய்ச்சலுக்கென அமைக்கப்பட்ட வில்லை இந்த நீடித்த மிகையழுத்தத்தில் என்ன செய்யும் என்பதை எரிந்த பாயின் ஓரம் சொல்லும். 1980களிலும் 90களிலும் விற்கப்பட்ட பல பவர் பார்களில் இதற்குத் தற்காப்பு ஏதும் இருக்கவில்லை. யூ.எல். 1449 என்ற தரநிலை 1985 இல் முதன்முதலாக வெளிவந்தது. 1998 இல் நடைமுறைக்கு வந்த அதன் இரண்டாம் பதிப்புத்தான் நீடித்த மிகையழுத்தத்தால் தீப்பற்றக் கூடாது என்ற சோதனைகளைக் கடுமையாக்கியது. அதன்பின் வில்லையோடு ஒட்டியபடி வெப்ப உருகி ஒன்றை வைக்கும் வழக்கம் பரவிற்று. வில்லை சூடேறினால் உருகி அறுந்து அதனைச் சுற்றிலிருந்து விலக்கிவிடும். பழைய பொருட்கள் விற்கும் கடையிலோ தெருவோர விற்பனையிலோ கிடைக்கும் மஞ்சள் பூத்த பவர் பாரை ஐம்பது சதத்துக்கு வாங்குவது சிக்கனமாகாது. நாட்டுக்குப் புதிதாக வந்து ஒவ்வொரு சதத்தையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்ல எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நொதுமல் அறுந்ததை அறிவது எப்படி? சில விளக்குகள் வழமைக்கு மேலாகப் பிரகாசிக்கும். அதே நேரத்தில் வேறு சில மங்கும். கேத்தலைப் போட்டவுடன் எங்கோ ஒரு விளக்கு மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசிக்கும். அப்படியானால் பிரதான சுவிச்சை அணைத்துவிட்டு உடனே மின்விநியோக நிறுவனத்தை அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று காலைவரை காத்திருக்கும் விடயமல்ல இது. வாடகைக்கு இருப்பவர் மின்விநியோக நிறுவனத்தை அழைத்தால் தன் அகதிக் கோரிக்கைக்கு ஏதும் பங்கம் வருமோ என எம்மிடம் கேட்டவர்களும் உளர். ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எங்கே பாய்வது?

வான் பாய்ந்தால் மட்டும் போதாது. பாய்ந்த நீருக்கு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால்தான் புவித்தொடுப்பு. ரொறன்ரோவின் பழைய வீடுகள் பலவற்றில், குறிப்பாகப் பேஸ்மென்ற் எனப்படும் நிலக்கீழ்த் தளங்களில், இரண்டு துளைகள் மட்டுமே உள்ள பிளக்குகளை இன்னும் காணலாம். மூன்று முனைப் பிளக்கை அதிலே செருகுவதற்கு ஒரு சிறு அடப்ரரைப் பயன்படுத்துவோர் உண்டு. அதனை மாட்டியவுடன் பவர் பாரிலுள்ள மூன்று வில்லைகளில் இரண்டு வேலையற்றுப் போகின்றன. அவை பாய்ச்சுவதற்கு எதிரே நிலம் இல்லை. ‘கிரவுண்டட்’ என்ற விளக்கு எரியாவிட்டால் இதுவே பெரும்பாலும் காரணம். பவர் பாரை மாற்றுவதால் இது சரியாகாது. சுவருக்குள்ளே கம்பி இழுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அதனைக் கூலிக்குச் செய்பவர் அனுமதிபெற்ற மின் ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும்.

கணினிக்குள் பாய்ச்சல் நுழையும் வழி மின்கம்பி ஒன்றுதான் என எண்ணுவதும் தவறு. கேபிள் இணைப்பும் தொலைபேசிக் கம்பியும் வேறு வழியாக வீட்டுக்குள் வருகின்றன. மின்னல் அடித்தபோது மின்கம்பியின் நிலம் ஓர் அழுத்தத்திலும் கேபிளின் நிலம் வேறோர் அழுத்தத்திலும் நின்றால், இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது மோடமும் கணினியுமே. பவர் பாரை மட்டும் நம்பியிருந்தவர்களின் கணினிகள் மோடம் பக்கத்தால் எரிந்ததற்கு இதுவே காரணம். கேபிளும் மின்சாரமும் ஒரே பாதுகாப்புக் கருவியினூடாகச் செல்லும்படி அமைத்தால், இரண்டின் நிலமும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடும்.

கருவிகளின் உள்ளே நல்ல தயாரிப்பாளர்கள் இதே தத்துவத்தைப் படிப்படியாக அமைத்திருப்பார்கள். திறந்து பார்க்கும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறோம். முதலில் உருகி, அதன்பின் வரிஸ்ரர். முறை மாறினால் வில்லை எரியும்போது உருகி உதவாது. அதனையடுத்து ஒரு சுருள், பாய்ச்சலின் வேகத்தைத் தணிக்கும். நுண்ணிய சுற்றுகளின் வாசலில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் குறைகடத்தி டயோட்டு. இது நனோசெக்கனில் விழிக்கும். ஆனால் சிறிதளவு சக்தியையே தாங்கும். தொலைபேசிக் கம்பிகளில் வாயு நிரப்பிய குழாயைக் காணலாம். அது விழிக்கச் சற்றுத் தாமதிக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியரை விழுங்கும். சோம்பேறிப் பலசாலி முன்னே, சுறுசுறுப்பான மெலியவன் பின்னே, இருவருக்கும் நடுவே ஒரு தடையோ சுருளோ. கம்பியின் நீளமும் கணக்கில் சேரும். வரிஸ்ரருக்குப் போய்வரும் கம்பி ஒரு மீற்றர் நீளமானால், 3,000 அம்பியர் பாய்ச்சலின்போது அக்கம்பியின் மேலேயே 300 க்கும் அதிகமான வோல்ற்று எழும். வாய்க்கால் நீண்டால் வெள்ளம் பின்னுக்குத் தேங்கும்.

கடையிலே வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்ட யூல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். அதனை அளப்பதற்குத் தரநிலையில் முறையேதும் விதிக்கப்படவில்லை. சி.எஸ்.ஏ. அல்லது சி.யூ.எல். முத்திரை இருக்கிறதா, வி.பி.ஆர். என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 330 என்பது அவ்வரிசையின் மிகத் தாழ்ந்த படி. எண் குறையக் குறைய நன்று. ‘புரொடெக்டட்’ என்ற விளக்கு அணைந்துவிட்டால் பவர் பார் வேலை செய்வதுபோல் தோன்றினாலும் அதன் காவல் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து எடுத்துவந்த ஒரே புகைப்படத்தின் பிரதியும், விசாரணைக்கென வருடக்கணக்கில் சேர்த்த ஆவணங்களும் அந்தக் கணினியில் மட்டுமே இருக்குமானால், பவர் பார் வாங்குமுன் அவற்றை வேறோரிடத்தில் பிரதிசெய்து வைப்பதே முதல் வேலை.

ஊரிலே பலரும் நம்பும் ஸ்ரெபிலைசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொது மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரோடு வாழ்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரே ஜெனரேற்றரில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பம்பை நிறுத்தியதும் பல்புகள் எல்லாம் ஒருகணம் வெள்ளையாகப் பிரகாசிக்கும். எமது ஆய்வுகூடத்தில் ஓர் அலைவுகாட்டி அப்படி ஒரு கணத்தில்தான் போனது. இவ்வாறான மெல்லிய ஏற்ற இறக்கத்துக்கு ஸ்ரெபிலைசர் உதவும். மின்னலின் பாய்ச்சலை அது அறியுமுன்னரே எல்லாம் முடிந்துவிடும்.

மின்னல் அருகே விழுமானால் நாம் மேலே சொன்ன எந்தக் கருவியும் உறுதிமொழி தர முடியாது. இலங்கையில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமுழக்கம் அதிகம். பனை உச்சியில் ஏரியல் கம்பி கட்டி வானொலி கேட்ட காலத்தில், மேகம் கறுத்ததும் கம்பியைக் கழற்றி முற்றத்தில் எறிந்துவிடுவார்கள். பௌதிகவியல் படிக்காமலே செய்த சரியான காரியம் அது. சுவிச்சை அணைத்தால் உள்ளே திறக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர். காற்றின் ஒரு மில்லிமீற்றரை உடைக்க ஏறத்தாழ 3,000 வோல்ற்று போதும். பிளக்கைக் கழற்றுவது ஒன்றே போதிய இடைவெளியைத் தரும். அதுவும் இடி தலைக்கு மேலே வந்தபின் அல்ல; தூரத்தில் கேட்கும்போதே.

எம்மிடம் வந்த மனிதர், ஊரிலிருந்து புறப்படுமுன் யாழ்ப்பாணம் நகரில் 230 வோல்ற்றுப் பலகை ஒன்றை வாங்கித் தாயாரின் வீட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார். தூரத்தில் இடி கேட்டால் அம்மா அதனையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறாராம். அவர் சற்றுக் குறைபட்டுக்கொண்டே இதைச் சொன்னார். அம்மா செய்வதுதான் சரி என்று சொல்லி அனுப்பினோம்.